சம்பந்திக்குப் பழைய சோறு

காபி வேணும்னா அந்தத் தூண் பக்கத்துல ஒரு வெண்கல மணி தொங்குது பாருங்க மேடம், அதை ஆட்டினா யாராவது வருவாங்க. நான் ஹோட்டல் ஆளு இல்ல. பட்டு வேட்டியும் அங்கவஸ்திரமுமா இங்க நின்னுக்கிட்டிருந்தா அப்படித்தான் தோணும், பரவாயில்ல. காலையில ஒரு வெள்ளைக்காரர் என் கையில ரூம் சாவியக் குடுத்துட்டு கும்பிடு போட்டுட்டுப் போனார். நானும் வாங்கி உள்ள குடுத்தேன். என்ன பண்றது? நான் பொண்ணைப் பெத்தவன். இன்னிக்குச் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு, விடிஞ்சா முகூர்த்தம். மாப்பிள்ளை வீட்டார் இந்த ஹோட்டல் மேல் மாடியிலதான் இருக்காங்க. கீழ இறங்க மாட்டேங்கறாங்க.

உக்காருங்க மேடம். நீங்க நின்னா நானும் நிக்கணும், காலு கெஞ்சுது. "நீங்க கீழ இருங்க, பெரியவங்க பேசிட்டுச் சொல்லி அனுப்பறோம்"னாங்க. எப்பவோ சொன்னது. வாசல்ல கார் பூ ஜோடிச்சு நிக்குதே, பாத்தீங்களா? பூவெல்லாம் வாட ஆரம்பிச்சாச்சு. மேளக்காரர் உள்ள எட்டிப் பாக்கறதும் என் மூஞ்சியப் பாத்துட்டுத் திரும்பிப் போறதுமா இருக்கார். வாசிக்கலாமான்னு வாயத் திறந்து கேக்கல, நல்ல மனுஷன். உங்ககிட்ட பேசிக்கிட்டிருந்தாலும் என் காது அந்தப் படிக்கட்டுலதான் இருக்கும், தப்பா நினைச்சுக்காதீங்க.

என் பேரு தணிகாசலம். சொந்த ஊரு குடியாத்தம், ஆனா பொழைப்பெல்லாம் பெரம்பூர்தான். பாத்திரக்கடை. வினோதினி மெட்டல்ஸ்னு பேரு. வினோதினிங்கறது என் பொண்ணு. ஒரே பொண்ணு. அவ பொறந்தப்ப போர்டு மாத்தினேன், இன்னிக்கு வரைக்கும் கடையில சண்டை சச்சரவுன்னு ஒண்ணு வந்ததில்ல. அவ்வளவு ராசி.

அந்த மூலையில செடி வெச்சிருக்காங்களே, அது என்னன்னு நினைக்கிறீங்க? பித்தளை அண்டா மேடம். ஒரு ஊருக்கே சாம்பார் வெக்கலாம். இதையெல்லாம் சனங்க எங்க கடையில கொண்டு வந்து போட்டுட்டு எவர்சில்வர் வாங்கிட்டுப் போவாங்க, நான் லாரியில ஏத்தி உருக்க அனுப்பிடுவேன். இங்க என்னடான்னா அதுல மண்ணைக் கொட்டி குரோட்டன்ஸ் வெச்சு, அதுக்கு மேல லைட் வேற போட்டிருக்காங்க. அழகா இருக்குங்கறீங்க. இருக்கட்டும். இதுக்காகவே கோயமுத்தூர்ல இருந்து வந்து தங்கியிருக்கீங்க, உங்க ரசனை உங்களுக்கு. நான் சண்டைக்கு வரல. என்னால இன்னிக்கு யார்கிட்டயும் சண்டை போட முடியாது.

இந்த இடத்தப் பிடிச்சது என் பொண்ணுதான். சொன்னா நம்ப மாட்டீங்க, இந்த வீட்டை ரிப்பேர் பண்ணினதுலயே அவ இருந்தா. ஆர்க்கிடெக்ட் படிச்சுட்டு, பழைய கட்டடத்தையெல்லாம் சரி பண்ற ஒரு ஆபீஸ்ல சேந்தா. ஜார்ஜ் டவுன்ல எவனோ ஒரு வியாபாரி கட்டின வீடு இது, வவ்வால் குடியிருந்துச்சு, ஆலமரம் சுவத்தப் பொளந்துக்கிட்டு நின்னுச்சு. இடிச்சுட்டு நாலு மாடி எழுப்புவானா, அதை விட்டுட்டு! சுண்ணாம்புல கடுக்காயும் வெல்லமும் முட்டையும் போட்டு இழைச்சாத்தான் இந்தப் பளபளப்பு வருமாம். திங்கற சாமானை சுவத்துல பூசற கொடுமைய எங்கயாவது பாத்திருக்கீங்களா? நீங்க தடவித் தடவிப் பாத்தீங்களே, அந்தச் சுவரு, அது அவ நின்னு பூச வெச்சது. ஒரு வருஷம் தலையெல்லாம் சுண்ணாம்போட வீட்டுக்கு வருவா. கோமளா, அதான் என் வீட்டுக்காரி, எண்ணெய வெச்சுக்கிட்டுக் காத்திருப்பா. பொண்ணு கறுத்துப் போறாளேன்னு எனக்கு வயிறு எரியும். "இன்னிக்கு மேல் மாடி உத்தர மரமெல்லாம் ஏத்தியாச்சுப்பா"ம்பா, ஏதோ பரிசு வாங்கின மாதிரி. நான் ஒரு தடவையும் வந்து பாக்கல. கடைய விட்டுட்டு எப்படி வர்றது? இன்னிக்குத்தான் முதல் தடவையா உள்ள காலெடுத்து வெக்கிறேன்.

சரி, கதைக்கு வரேன். இந்த ஜாகை விவகாரம் உங்களுக்குத் தெரியாததில்ல. சாப்பாட்டுல உப்பு கூடிப் போனாக்கூட மாப்பிள்ளை வீட்டுல மன்னிச்சுடுவாங்க. தங்க வெக்கிற இடத்துல ஒரு குறை வந்துச்சு, அதோட தொலைஞ்சோம். பேரன் காது குத்துக்கு வந்தாலும் அதைத்தான் பேசுவாங்க. அதனால நான் எழும்பூர் பக்கம் ஒரு லாட்ஜ் பாத்து வெச்சிருந்தேன். லிஃப்ட் இருக்கு, ஏசி இருக்கு, கீழயே டிபன். பளிச்சுன்னு டைல்ஸ் போட்ட இடம். அப்பத்தான் வினோ வந்து, "ஜாகைக்கு இடம் நான் பாக்கறேன்பா"ன்னா.

மேடம், அந்த வார்த்தையக் கேட்டு நான் சாமி ரூமுக்குப் போய் அழுதேன். ஏன்னு கேளுங்க. அதுக்கு முன்னால அவ என்கிட்டப் பேசியே எத்தனையோ நாள் ஆகியிருந்துச்சு.

இது ரெண்டாவது சம்பந்தம் மேடம். முதல்ல ஆரணியில ஒரு இடம் நிச்சயம் பண்ணி, பத்திரிகை வரைக்கும் அடிச்சாச்சு. இவ என்ன பண்ணினா, நேரா அந்தப் பையனுக்குப் போனப் போட்டு, "எனக்கு இதுல இஷ்டம் இல்ல"ன்னுட்டா. விளையாட்டுத்தனம். அவங்களுக்கு ரோஷம் வந்துடுச்சு, நின்னு போச்சு. யார் கண்ணு பட்டுச்சோ. அடிச்ச பத்திரிகை முழுசும் பரண்ல கெடக்கு. கோமளாவுக்கு அந்தத் தடவைதான் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வெச்சாங்க. எங்க சாதிசனத்துல ஒரு நிச்சயம் நின்னாலே ஆயிரம் கேப்பாங்க. என்ன கோளாறு, யாரோட பழக்கம்னு கேப்பாங்க. அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம், சத்தியமா யாரும் இல்ல, நானே விசாரிச்சுட்டேன். கட்டடம் கட்டடம்னு அலையறா, அவ்வளவுதான். அகமதாபாத்துல ஏதோ மேல் படிப்புக்குக் கூப்பிட்டிருக்காங்களாம், அதுக்குப் போகணுமாம். போயிட்டு வந்தா யாரு கட்டிப்பாங்க?

அதனால தறி வெச்சு நடத்தற இந்த ஈரோட்டு இடம் வந்தப்ப நான் முன்ஜாக்கிரதையா இருந்தேன். வினோவைக் கோமளா தலையில கை வெக்கச் சொன்னேன். "மாப்பிள்ளைகிட்டயோ அவங்க வீட்டு மனுஷங்ககிட்டயோ இஷ்டம் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்"னு சத்தியம் பண்ண வெச்சேன். ஆபரேஷன் ஆன அம்மா தலை மேல. சாமானியமான சத்தியமா? கையெடுத்துக்கிட்டு ரூமுக்குள்ள போனவதான். சாப்பிடக் கூப்பிட்டா வருவா, சாப்பிடுவா, போயிடுவா. மாப்பிள்ளை போன் பண்ணினா "ம்"பா, "சரி"ம்பா. ஒரு வார்த்தை மறுத்துப் பேசல. பண்ணின சத்தியத்தக் காப்பாத்தினா மேடம், அந்த விஷயத்துல என் பொண்ணு தங்கம்.

அப்படி இருந்தவ தானா வந்து ஜாகைய நான் பாக்கறேங்கறா! பெத்தவனுக்கு எப்படி இருக்கும்? மனசு மாறிடுச்சு, கல்யாணக் களை வந்துடுச்சுன்னு நினைச்சேன். உக்காந்து கேள்வி மேல கேள்வி கேட்டா. யார் யார் வர்றாங்க, யாருக்கு என்ன பிடிக்கும், யாருக்கு என்ன ஆகாது, எதுக்குக் கோவம் வரும். அக்கறைய பாருங்க! நான் ஒண்ணு விடாம சொன்னேன். அங்க எல்லாம் ராஜாமணியம்மா வெச்சதுதான் சட்டம். மாப்பிள்ளையோட அத்தை, சம்பந்திக்கு அக்கா. அந்தம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆயிருக்கு, படி ஏற முடியாது. சகுனம் ரொம்பப் பாப்பாங்க. மரியாதையில மயிரிழை குறைஞ்சாலும் எழுந்து போயிடுவாங்க, சம்பந்தியோட மூத்த பையன் கல்யாணத்துல பந்தியில உக்காந்தவங்க இலையை மூடிட்டு எழுந்து போனவங்க. இதெல்லாம் சொன்னேன். வினோ எல்லாத்தையும் தலையாட்டிக் கேட்டுக்கிட்டா.

இன்னிக்கு விடியக்காலம் சென்ட்ரல்ல ரயில் விட்டு எறங்கினாங்க. மாலை போட்டுக் கூட்டிட்டு வந்தேன். வாசல்லயே ராஜாமணியம்மா நின்னுட்டாங்க. "ஏனுங்க சம்பந்தி, இது கோர்ட்டுங்களா?"ன்னாங்க. நான் சிரிச்சு மழுப்பினேன். உள்ள வந்தா லிஃப்ட் இல்ல. அந்தம்மாவுக்குக் குடுத்த ரூம் எது? உச்சாணி மாடி. கீழ அறை இருக்கு மேடம், சும்மாத்தான் கெடக்குது, ஆனா ரூம் பிரிச்சுக் குடுத்தது வினோ. மறந்திருப்பா. கல்யாணப் பொண்ணுக்கு எத்தனை வேலை! மாத்தித் தரேன்னு சொன்னா, அந்தம்மா வீம்பு. "உங்க பொண்ணு எனக்குன்னு குடுத்த எடமாச்சே, அங்கயே போறனுங்க"ன்னுட்டு, ஒவ்வொரு படியிலயும் நின்னு, முட்டியப் பிடிச்சு, என்னைத் திரும்பிப் பாத்து, அப்படி ஏறினாங்க. நான் பின்னாலயே கையை ஏந்திக்கிட்டுப் போனேன், விழுந்தா பிடிக்க.

மேல போனா அடுத்த இடி. மாப்பிள்ளைக்குக் குடுத்த அறையில கட்டிலுக்கு எதிர்ல ஒரு போட்டோ. பெரிய மீசைக்காரர், தலைப்பா கட்டி, சந்தன மாலை போட்டு, மேல சின்ன பல்பு எரியுது. உங்க ரூம்லயும் இருக்கா? எல்லா ரூம்லயும் இருக்கு. ராஜாமணியம்மா கேட்டாங்க, "இது ஆருங்க?" அந்த மேனேஜர் பொண்ணு, கைத்தறிச் சேலை கட்டிக்கிட்டு, பெருமையா சொல்லுது, "தெரியாதுங்க மேம், பழைய சாமான் கடையில வாங்கினோம், அந்தக் கால ஃபீல் வர்றதுக்காக." அவ்வளவுதான். "செத்தவன் ஆருன்னு தெரிஞ்சாலாச்சும் கும்புட்டுக்கலாம். ஆரோ செத்தவன் முன்னால எங்க பையனப் படுக்கப் போடறீங்களே, நாளைக்குத் தாலி கட்டோணும்!" அந்தம்மா கேக்கறது நியாயம்தானே மேடம்? நானே ஸ்டூல் போட்டு ஏறி மீசைக்காரரை எறக்கினேன். எறக்கி எங்க வெக்கிறதுன்னு தெரியாம நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நின்னேன்.

அதையும் பொறுத்துக்கிட்டாங்க. பெரிய மனுஷங்க, பொறுத்துக்கிட்டாங்க. "குளிச்சுட்டு வரோம், டிபனைக் கொண்டாரச் சொல்லுங்க"ன்னாங்க. நான் அப்பாடான்னு நினைச்சேன்.

என்ன டிபன் வந்துச்சு தெரியுமா?

சொல்ல வாய் கூசுது மேடம். பழைய சோறு. ஆளுக்கு ஒரு மண்சட்டி, அதுல தண்ணி ஊத்தின பழைய சோறு, பக்கத்துல சின்ன வெங்காயம், மோர் மிளகாய், மாவடு. சம்பந்திக்கு! ராத்திரி முழுக்க ரயில்ல வந்த சம்பந்திக்கு, கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில, பழைய சோறு!

நீங்களும் இன்னிக்கு அதான் சாப்பிட்டீங்களா? நல்லா இருந்துச்சா? இருக்கும் மேடம். நீங்க ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்க. நானும் வெயில் காலத்துல சாப்பிடறவன்தான். வீட்டுல, பனியனோட, சமையக்கட்டுல உக்காந்து. அதை சம்பந்திக்குப் போடலாமா? கேசரி எங்க? பொங்கல் எங்க? இலை எங்க? ராஜாமணியம்மா சட்டிக்குள்ள பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க. கத்தல. கத்தியிருந்தாக்கூடத் தேவலாம். மெதுவா சொன்னாங்க, "நாங்க எங்க தறிக்காரங்களுக்குக்கூட சுடுசோறுதானுங்க போடறோம்." சொல்லிட்டு எழுந்தாங்க. அவங்க எழுந்தா எல்லாரும் எழுந்தாங்க. சம்பந்தி குழந்தைவேலு சாது, அவரும் எழுந்துட்டார். மாப்பிள்ளை நவநீதன் பாவம் ஒரு வாய் அள்ளி வாய்க்குள்ள போட்டிருந்தான், முழுங்கறதா துப்பறதான்னு தெரியாம அத்தை மூஞ்சியப் பாத்தான். தங்கமான பையன். அத்தை சொல்லாம ஒண்ணும் பண்ண மாட்டான். பெட்டியெல்லாம் கட்டி கூடத்துல வெச்சாச்சு. காலையில இருந்து பச்சத்தண்ணி குடிக்கல யாரும். நானும்தான்.

எனக்கு வந்துச்சே ஒரு ஆத்திரம்! கீழ ஓடி வந்து அந்த மேனேஜர் பொண்ணைப் பிடிபிடின்னு பிடிச்சேன். "ஏம்மா, கல்யாணக் கட்சிக்கு என்ன போடணும்னு தெரியாது?"ன்னேன். அது என்ன சொல்லுச்சு தெரியுமா? "சார், நாங்க கல்யாண வீட்டுக்காரங்களுக்கு இட்லி, பொங்கல், கேசரிதான் எப்பவும் குடுப்போம். போட்டோவையும் எடுத்துடுவோம். வினோ மேம்தான் எதையும் மாத்த வேணாம்னாங்க. பழைய சோறுதான் வெக்கணும், மண்சட்டியிலதான் வெக்கணும், அத்தைக்கு மேல் மாடிதான்னு அவங்களே நேத்து வந்து பாத்துட்டுப் போனாங்க"ன்னுது.

கேட்டீங்களா பழிய! பண்றதையும் பண்ணிட்டு வீட்டுல உக்காந்திருக்கிற கல்யாணப் பொண்ணு மேல போடறதை! மெஹந்தி போட்ட கையோட நேத்து இங்க வந்து பழைய சோத்துக்குச் சொல்லிட்டுப் போனாளாம் என் பொண்ணு. நேத்து அவ வெளிய வந்தது நிஜம்தான். பியூட்டி பார்லர்னு சொல்லிட்டுத்தான் வந்தா. அதுக்காக? "பொய் சொன்னா நாக்கு அழுகிடும்"னு சொல்லிட்டேன். அந்தப் பொண்ணு கண்ணுல தண்ணி வந்துடுச்சு. வரட்டும்.

நீங்க ஏன் மேடம் அப்படிப் பாக்கறீங்க? ஒண்ணும் இல்லையா? சரி.

இல்ல, நீங்களும் அவ வேணும்னே பண்ணியிருப்பாளோன்னு நினைக்கிறீங்க. எனக்குத் தெரியும். கோமளாவும் அப்படித்தான் பேசறா. மத்தியானம் போன் பண்ணி, "ஏங்க, அவங்க போறாங்கன்னா போகட்டுமே, விட்டுடுங்களேன்"ங்கறா. பெத்தவளா இவ! தாலி ஏற இன்னும் ஒரு ராத்திரிதான் இருக்கு, விட்டுடுங்களேனாம்! "உன் பொண்ணு அங்க என்ன பண்றா?"ன்னேன். "காலையில இருந்து ஜன்னல்கிட்டயே உக்காந்திருக்கா. ஜாகையில இருந்து ஏதாவது சேதி வந்துச்சான்னு அதையே கேட்டுக்கிட்டிருக்கா"ன்னா. பாத்தீங்களா? கல்யாணம் நின்னுடுமோன்னு அந்தக் குழந்தை உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. இவ என்னடான்னா விட்டுடுங்கறா. போனை வெச்சுட்டேன்.

நான் உங்ககிட்ட மறைக்கல மேடம், எனக்குப் பயமா இருக்கு. ரெண்டு தரம் நின்னு போன பொண்ணை மூணாவது யாரு வந்து கேப்பாங்க? எனக்கும் சுகர். கோமளாவுக்கு நெஞ்சு. நாங்க ரெண்டு பேரும் போயிட்டா அவ தனியா எவன் வீட்டுச் சுவத்துக்கோ சுண்ணாம்பு பூசிக்கிட்டு நிப்பா. காய்ச்சல்னு படுத்தா ஒரு வெந்நி வெச்சுக் குடுக்க ஆளிருக்காது. அதை நினைச்சா எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அவளுக்காகத்தான் மேடம். எனக்கு வேற யாரு இருக்கா? அவ சிரிச்சுப் பாத்து எவ்வளவு நாளாச்சு. ஒரு நல்ல இடத்துல போய் உக்காந்துட்டா தானா சிரிப்பா.

கூப்பிடறாங்க! "சம்பந்தி"ன்னு கேட்டுச்சு இல்ல? உங்களுக்கும் கேட்டுச்சு இல்ல? கொஞ்சம் இருங்க மேடம், போயிடாதீங்க. அங்கவஸ்திரம் சரியா இருக்கா? முருகா.

...

முடிஞ்சுது! மேடம், முடிஞ்சுது! உக்காருங்க, உக்காருங்க, நானும் உக்காந்துக்கறேன். வர்றாங்க. மூஞ்சி கழுவிக்கிட்டு, சேலை மாத்திக்கிட்டு வர்றாங்க. எங்க அந்த மணி? ஒரு காபி சொல்லுங்க எனக்கு. இல்ல, வேணாம், அவங்க குடிக்கறதுக்கு முன்னால நான் குடிச்சா நல்லா இருக்காது.

மேல போனேன் மேடம். நெடுஞ்சாண்கிடையா ராஜாமணியம்மா கால்ல விழுந்துட்டேன். அங்கவஸ்திரம் எங்கயோ போச்சு. என்னைவிட ரெண்டு வயசு சின்னவங்களா இருப்பாங்க. இருக்கட்டுமே! மாப்பிள்ளை கதவுக்குப் பின்னால போயிட்டான், பாக்க முடியாம. எழுப்பல யாரும். நானா எழுந்தேன். அப்புறம்தான் அந்தம்மா மனசு இளகி, "எங்களுக்கும் வீடு வரைக்கும் வந்த கல்யாணத்த நிறுத்தோணும்னு ஆசை இல்லீங்க. ஆனா உங்க பொண்ணுக்குப் பழக்கவழக்கம் பத்தலைங்க. நாங்க சொல்லிக் குடுக்கறோம்"னாங்க. எவ்வளவு பெருந்தன்மை பாருங்க!

என்ன கேட்டாங்களா? ஒண்ணும் பெரிசா இல்ல. வேலைய விட்டுடணும். அது நான் எதிர்பாத்ததுதான். இனிமே கட்டடம் கிட்டடம்னு பேச்சே கூடாது. அந்த அகமதாபாத் அட்மிஷன் காகிதத்தை நாளைக்கு அவங்க கையில குடுத்துடணும். அப்புறம், ஒரு வருஷத்துக்குப் பொறந்த வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்க. தலை தீபாவளிக்கு நாங்கதான் ஈரோட்டுக்குப் போய்ப் பாக்கணும். போன்கூட அத்தை கூட இருக்கறப்பதான் பேசணும். "எங்க வளர்ப்பு உடம்புல ஊறற வரைக்குந்தானுங்க"ன்னாங்க. ஒரு வருஷம் என்ன மேடம், கண்ண மூடிக் கண்ணத் தொறந்தா ஓடிப் போயிடும். எல்லாத்துக்கும் சரின்னுட்டேன். வினோவையும் கேட்டுடறேனேன்னு ஒரு வார்த்தை வாய் வரைக்கும் வந்துச்சு. அதைச் சொல்லப் போய் மறுபடியும் பெட்டியத் தூக்கிட்டாங்கன்னா? சரின்னுட்டேன்.

கண்ணைத் துடைச்சுக்கறேன் இருங்க. சந்தோஷம் மேடம். சந்தோஷத்துலயும் வருமில்ல?

மேளக்காரரே! ஆரம்பிங்க! வர்றாங்க, நல்லா உரக்க வாசிங்க, மாடிக்குக் கேக்கணும்!

இதோ, அவதான் கூப்பிடறா. ஹலோ! அம்மாடி! எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதும்மா. வர்றாங்க... ஆமாம்மா, வர்றாங்க, பெட்டியெல்லாம் திரும்ப உள்ள வெச்சாச்சு... இல்லம்மா, போகல, யாரும் போகல. அப்பா பேசிச் சரி பண்ணிட்டேன். நீ ஒண்ணும் பயப்படாத... என்னம்மா? மேளச் சத்தத்துல கேக்கல, உரக்கச் சொல்லு... என்னது?

மேடம், இவ என்னமோ கேக்கறா. "நான் இன்னும் என்னப்பா பண்ணியிருக்கணும்?"ங்கறா. நீ ஒண்ணும் பண்ண வேணாம்டா தங்கம், எல்லாம் அப்பா பாத்துக்கிட்டேன். அழாத. மேக்கப் கலைஞ்சிடும். வினோ? வினோ, இப்படி அழுதா அப்பாவுக்குத் தாங்காதுடா. அம்மா எங்க? அம்மாவும் அழறாளா? ஏன்?

இவளுக்கு என்ன ஆச்சுன்னு தெரியல மேடம். எதுக்கு இப்படி அழறா? எதையெல்லாம் கும்பிட்டு, யார் கால்லயெல்லாம் விழுந்து கொண்டு வந்து சேத்திருக்கேன், இப்பப் போய் இப்படி அழுதா நான் எங்க போவேன்? செருப்புச் சத்தம் கேக்குது, இறங்கறாங்க. நான் போய் மாப்பிள்ளைக்கு மாலை போடணும். பொண்ணோட அப்பன் கையாலதான் போடணும்.

மேடம், இந்தாங்க. போனைப் பிடிங்க. லைன்லதான் இருக்கா. இல்ல, இல்ல, நீங்க மாட்டேன்னு சொல்லக் கூடாது. பொம்பளைக்குப் பொம்பளை, நீங்க சொன்னா கேப்பா. என்ன பெரிசா? "நல்ல இடம்மா, எல்லாம் போகப் போகச் சரியாயிடும்"னு ரெண்டு வார்த்தை. அவ்வளவுதான். இதோ வந்துட்டேன் சம்பந்தி! படி பாத்து, படி பாத்து! காதுல வையுங்க மேடம். அழறாளேன்னு சும்மா இருக்காதீங்க. பேசுங்க.